முடியில்லா எலி வளர்க்கலாமா?

அலுவலக நண்பர் ஒருவர் அண்மையில் கவலையோடு ஒரு செய்தி சொன்னார். அவருடைய பத்து வயது மகன் கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துவிட்டு, உடலில் முடியே இல்லாத எலி ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று அடம் பிடிக்கிறானாம். "பிள்ளையார் வாகனந்தானே அப்பா, வளர்த்தால் என்ன?" என்று கேட்கிறானாம். சிரிப்பதா, கோபிப்பதா என்று தெரியாமல் நண்பர் விழிக்கிறார்.

பையனின் ஆசையை எள்ளி நகையாட வேண்டியதில்லை. மேல்நாடுகளில் எலி வளர்ப்பது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வழக்கம். அங்கு வளர்க்கப்படுவது பழுப்பு எலியின் வழிவந்த, மனிதரோடு பழகிய இனம். அதில் சில எலிகள் பரம்பரைக் கூறு காரணமாக முடியின்றிப் பிறக்கின்றன. அது நோயன்று. ஆளை அடையாளங் கண்டு தோளில் ஏறி உட்காரும் அளவுக்கு அவை அறிவும் பாசமும் உள்ளவை.

ஆனால் அதைப் பேணுவது எளிதன்று. போர்வையில்லாத உடலாதலால் சூடு விரைவில் வெளியேறும். அதை ஈடுகட்ட மற்ற எலிகளைவிட அதிகம் தின்னும், அதிகம் நீர் குடிக்கும். மின்விசிறிக் காற்றும் மழைக்கால ஈரமும் ஆகா. வெயிலில் வைத்தால் தோல் கருகும். கூண்டின் கம்பி முனை கீறினாலும் புண்ணாகும். கண்ணைக் காக்கும் இமை முடியும் சரியாக இராததால் கண்நோய் வரும். எலி தனிமை தாங்காது, இரண்டு வேண்டும். ஆணும் பெண்ணுமாக வைத்துவிட்டாலோ, மூன்று வாரத்தில் ஒரு குடும்பமே பெருகிவிடும். இத்தனை பாடுபட்டாலும் அதன் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே.

இனி நம் தீவின் நிலையைப் பார்ப்போம். எலிக்காய்ச்சல் அந்தமானுக்குப் புதிதல்ல. சிறைக் குடியேற்றக் காலத்திலேயே, 1929-இல், கைதிகளிடையே அது கண்டறியப்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் வட அந்தமானில் மக்களை வாட்டிய மர்மக் காய்ச்சலும் அதுவே என்று 1990-களில் தெளிவாயிற்று. எலியின் சிறுநீரில் உள்ள கிருமி, சேற்றிலும் தேங்கிய நீரிலும் கலந்து, கால் புண் வழியே நம் உடலில் புகுகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கி, சிறுநீரகத்தையும் நுரையீரலையும் தாக்கும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். கூண்டில் உள்ள எலிக்கு வீட்டெலியிடமிருந்து இந்தக் கிருமி தொற்றினால், அது நோயின்றி நலமாகவே காணப்படும். பரப்புவது மட்டும் நிற்காது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வெள்ளையர் கொண்டுவந்த புள்ளிமான் இன்று காட்டின் இளங்கன்றுகளை மேய்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் காலத்தில் வந்த ஆப்பிரிக்க நத்தை நம் தோட்டங்களைத் தின்கிறது. அண்மைக் காலத்தில் வந்த பெருந்தவளையின் தலைப்பிரட்டைகள் இத்தீவின் தவளை இனங்களின் குஞ்சுகளை விழுங்குகின்றன. வந்தவற்றைத் திருப்பியனுப்ப வழியில்லை. சலித்துப்போய் வெளியே விட்ட எலியும் இந்த வரிசையில் சேரக்கூடும். முடியில்லா எலி ஒருவேளை சாகும். ஆனால் அது சாதாரண எலியோடு கூடினால் பிறக்கும் குட்டிக்கு முடி இருக்கும், பிழைத்துக்கொள்ளும்.

நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டிலோ அரசு குடியிருப்பிலோ இருப்பவர்கள். விடுமுறையில் கப்பலேறிச் சென்னைக்குப் போனால், திரும்பி வர ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்த உயிரை யார் பார்ப்பது? கப்பலில் மூன்று நாள் கூண்டில் அடைத்துக் கொண்டுவருவதும் இரக்கமன்று.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன யோசனை இது: வாங்கவேண்டாம். யாராவது ஏற்கெனவே வளர்த்துவந்தால், அதைத் துரத்தவோ விட்டுவிடவோ கூடாது. வீட்டெலி அண்டாத உலர்ந்த இடத்தில், மெல்லிய துணி விரித்து வைத்து, கூண்டைத் துப்புரவு செய்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். கையில் புண்ணிருந்தால் தொடக்கூடாது. நலமில்லையெனில் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

வெளியிலிருந்து வளர்ப்புப் பிராணிகள் கப்பலிலும் விமானத்திலும் வருவதை அதிகாரிகளும் கவனமாகச் சோதிக்கவேண்டும். பையனுக்கு மறுப்பை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்லுங்கள். ஓர் உயிரை வாங்குமுன் அதன் தேவையைக் கேட்கக் கற்ற பிள்ளை, நாளை எதையும் பொறுப்போடு செய்வான்.