பெட்டிக்குள் இருப்பதை எழுதுங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து மெல்போர்னுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் சாமான்களை நான் நின்று பேக் செய்து அனுப்பினேன். மொத்தம் 41 பெட்டிகள். 17-ஆம் பெட்டிக்கு நேரே பேக்கிங் லிஸ்டில் ‘சமையல் சாமான்’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். உள்ளே பித்தளை அடுக்குகள், ஒரு கல்சட்டி, ஓர் அஞ்சறைப்பெட்டி. அஞ்சறைப்பெட்டி காலியாகத்தான் இருக்கும் என்று நினைத்து, மூடியைத் திறந்து பார்க்காமல் சுற்றிவிட்டேன். அங்கே திறந்த அதிகாரிக்குச் சீரகமும் மல்லியும் கிடைத்தன. பிறகு மற்ற 40 பெட்டிகளையும் பிரித்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டணம், கிடங்கு வாடகை, மூன்று வாரத் தாமதம் எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தன. அந்த அம்மா போனில் என்னைத் திட்டவில்லை. “நீங்க பாத்துதானே எழுதினீங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நம் தொழிலில் திறமை என்றால் கட்டுவது என்றே பழகிவிட்டோம். கண்ணாடி அலமாரி உடையாமல் போய்ச் சேர்ந்தால் மார்தட்டிக்கொள்கிறோம். லிஸ்ட் எழுதும் வேலையோ, லாரி வாசலில் நிற்கும்போது, யாருக்குக் கை ஓய்வாக இருக்கிறதோ அவரிடம் போகிறது. கடல் தாண்டிய பிறகு அந்தச் சாமான்களுக்காகப் பேசுவது அந்தத் தாள் ஒன்றுதான். சுங்க அதிகாரி, தாவரத் தொற்றுத் தடுப்பு அதிகாரி, காப்பீட்டுக்காரர் எல்லோரும் பெட்டியைத் தொடுவதற்கு முன் அதைத்தான் படிக்கிறார்கள். ‘இதர சாமான்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் அவர்கள் கை கத்தியைத்தான் தேடும்.

ஆஸ்திரேலியா தானியம், விதை விஷயத்தில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் தானியக் கிடங்குகளில் இருக்கும் கப்ரா வண்டு அங்கே வேரூன்றினால் அவர்களுடைய கோதுமை ஏற்றுமதிக்கே ஆபத்து. அதன் புழு இரை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். கன்டெய்னர் தரையின் இடுக்கிலும் அட்டைப்பெட்டி மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். 2007-இல் பிரிட்டனிலிருந்து பெர்த்துக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டுச் சாமான்களோடு இந்த வண்டு போய்ச் சேர்ந்தது. கடைசியில் வீட்டையே மூடிப் புகையூட்ட வேண்டியிருந்தது. பிரிட்டன் கப்ரா வண்டுக்குப் பேர்போன நாடு அல்ல என்பதைக் கவனியுங்கள். அதனால் கன்டெய்னர் வந்து நின்றதும் அதன் தரையை டார்ச் அடித்துப் பார்ப்பதும், பெருக்குவதும், பார்த்தேன் என்று தேதி போட்டு எழுதி வைப்பதும் நம் வேலைதான்.

2020 முதல், தனியாகக் கப்பலில் வரும் வீட்டுச் சாமான்களோடு அரிசி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, துவரை, சீரகம், மல்லி, வேர்க்கடலை, மிளகாய் வற்றல் போன்றவை ஆஸ்திரேலியாவுக்குள் வரக்கூடாது. நம் வீட்டுச் சமையலறையில் இதில் எது இல்லை? மகளுக்கு ஆசையாகக் கட்டிக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்வது சங்கடமானதுதான். அதைப் பேக்கிங் அன்று சொல்லக் கூடாது. சர்வேக்குப் போகும் நாளிலேயே, சமையலறையில் நின்று, ஒவ்வொரு டப்பாவையும் காட்டிச் சொல்ல வேண்டும். கிரைண்டர் டிரம்மின் அடியில் காய்ந்து ஒட்டிய மாவு, முறத்தின் பின்னலில் சிக்கிய குருணை, இலவம்பஞ்சுத் தலையணைக்குள் தங்கிய விதை, சைக்கிள் டயரின் மண், பூஜைப் பையில் மறந்துபோன தர்ப்பை, எல்லாம் அன்றைக்கே கண்ணில் பட வேண்டியவை. ஆப்பிள் பெட்டி, முட்டை அட்டை, வைக்கோல் எதுவும் உள்ளே போகக்கூடாது. மரக் கிரேட்டில் பூச்சி நீக்கியதற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதைப் பெரும்பாலோர் செய்கிறோம். அதை நான் நீட்டவில்லை.

புதுச் சாமான் இன்னொரு தலைவலி. ஊருக்குப் போகிறார்கள் என்றதும் தி.நகரில் புது குக்கர், புது மிக்ஸி, புதுப் பட்டுப்புடவை வாங்கிச் சேர்ப்பது நம் வழக்கம். வரி இல்லாமல் இறக்க வேண்டுமானால், சொந்தமாக வைத்து 12 மாதமாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலிய விதி. எல்லாவற்றையும் ‘பழைய வீட்டுச் சாமான்’ என்று எழுதிக் கொடுத்தால், பொய் சொன்ன பழி வீட்டுக்காரர் மேல் விழும். புதியதைத் தனிப் பெட்டியில் வைத்து, வாங்கிய தேதியும் விலையும் எழுதி, பில்லைச் சேர்த்துக் கொடுங்கள். கட்ட வேண்டிய வரி பெரும்பாலும் சிறிய தொகையாகத்தான் இருக்கும்.

விலை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் தரை தட்டியது. ஆறு நாளில் மீட்டார்கள். ஆனால் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். அதாவது, மீட்புச் செலவில் சரக்குக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சரக்கின் மதிப்புக்கு ஏற்ற பங்கைத் தர வேண்டும். 18,000-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்களோடு அந்தக் கப்பல் ஜூலை 7 வரை எகிப்திலேயே நின்றது. இப்படி ஒன்று நடக்கும்போது காப்பீடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதம் தரும். இல்லையென்றால் வீட்டுக்காரர் பணத்தைக் கட்டித்தான் சாமானை எடுக்க முடியும். எந்த வழியானாலும் முதலில் கேட்பது மதிப்பு எழுதிய பட்டியல். அதே போல, வீட்டுக்காரரே கட்டிய பெட்டி என்று நாம் ‘பி.பி.ஓ.’ போட்டு எழுதும் பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலான பாலிசிகளில் இழப்பீடு கிடைக்காது. இது எத்தனை வீட்டுக்காரர்களுக்குத் தெரியும்? அந்த மூன்று எழுத்தைப் போட்டுவிட்டு நாம் பொறுப்பிலிருந்து நழுவுகிறோம் என்பதே என் எண்ணம். பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அவர்கள் முன்னாலேயே பார்த்து, எழுதி, மறுபடி ஒட்டுங்கள்.

நிறுவனம் நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. குழுவில் ஒருவருக்கு அன்று சுமக்கும் வேலை வேண்டாம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, லிஸ்ட் மட்டும் அவர் வேலையாக இருக்கட்டும். எந்தப் பெட்டியும் அவர் கண்ணில் படாமல் டேப் ஒட்டப்படக் கூடாது. கட்டுபவருக்குத் தரும் கூலிக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாமல் அவருக்கும் கொடுங்கள். ஓர் ஆள் கூலி கூடும். அதைக் கொட்டேஷனில் தனி வரியாகக் காட்டி, எதற்கு என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். நான் அப்படித்தான் காட்டுகிறேன். இதுவரை யாரும் அந்த வரியை அடிக்கச் சொன்னதில்லை.