கணக்குப் போடுகிறதா சளிப்பூஞ்சை?

(மூன்றாம் ஆண்டு தாவரவியல் மாணவர் ஒருவர்)

"தாவரவியலா? ஏன், கணிப்பொறித் துறையில் இடம் கிடைக்கவில்லையா?"

இக்கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கணக்கிடுதல் என்றாலே கணிப்பொறி, கணிப்பொறி என்றாலே எதிர்காலம் என்று எண்ணும் நண்பர்களுக்கு ஓர் அற்ப உயிரை அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறேன்.

அதன் பெயர் ஃபைசாரம் பாலிசெஃபாலம். சளிப்பூஞ்சை வகையைச் சேர்ந்தது. (பெயரில்தான் பூஞ்சை. இன்றைய வகைப்பாட்டில் அது அமீபாக்களின் உறவினர். ஆயினும் எங்கள் துறை அதனைக் கைவிடுவதாக இல்லை!) ஈரமான, மக்கிய மரக்கட்டைகளில் மஞ்சள் நிறத்தில் படர்ந்திருக்கும். உடல் முழுவதும் ஒரே செல்; அதனுள் எண்ணற்ற உட்கருக்கள். மூளை இல்லை, நரம்பும் இல்லை.

2000ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தோஷியுகி நாககாக்கியும் அவருடைய குழுவினரும் இதனை ஒரு சிறு புதிர்வழிக்குள் படரவிட்டு, இரு வாயில்களிலும் ஓட்ஸ் உணவை வைத்தனர். முட்டுச் சந்துகளிலிருந்து அது தன் உடலைச் சுருக்கிக்கொண்டது. இறுதியில் இரு உணவுகளையும் இணைக்கும் குறுகிய பாதையில் தடித்த குழாய் ஒன்று எஞ்சி நின்றது. 2010இல், தோக்கியோவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் குறிக்க 36 இடங்களில் ஓட்ஸ் வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஒரே நாளில் அது பின்னிய வலை, பொறியாளர்கள் பல்லாண்டு உழைத்து அமைத்த இருப்புப்பாதை வலையோடு செலவிலும், ஒரு தடம் அறுந்தால் தாங்கும் திறனிலும் ஒப்பிடத்தக்கதாய் இருந்தது!

எப்படி இயன்றது? செல்லின் சாறு குழாய்களில் முன்னும் பின்னுமாகத் துடித்து ஓடுகிறது. ஓட்டம் மிகுந்த குழாய் தடிக்கிறது. தடித்ததால் இன்னும் மிகுதியாக ஓடுகிறது. ஓட்டம் குறைந்த குழாய் மெலிந்து மறைகிறது. அவ்வளவே. 0, 1 என்ற இலக்கங்கள் இல்லை. நினைவகம் வேறு, கணக்கிடும் பகுதி வேறு என்ற பிரிவினையும் இல்லை. குழாயின் பருமனே நினைவு. அதில் பாயும் சாறே கணக்கு.

இதைக் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "அப்படியானால் கல் கீழே விழுவதையும் கணக்கு என்பாயோ?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. இயற்கையில் நடப்பதெல்லாம் கணக்கே என்று முழங்குவோரோடு எனக்கும் உடன்பாடு இல்லை. எல்லாமே கணக்கு என்றால் அச்சொல்லுக்குப் பொருளே இராது. கல்லுக்குச் செல்ல ஒரே வழிதான் உண்டு. சளிப்பூஞ்சையோ பல வழிகளிலும் ஒரே நேரத்தில் கால் பதித்து, ஒன்றோடொன்று போட்டியிடவிட்டு, வேண்டாதவற்றைக் கைவிடுகிறது. உணவை இடம் மாற்றினால் விடையும் மாறுகிறது. இதனைக் கணக்கு என்னாமல் வேறென்ன என்பது?

குறையும் உண்டு. ஒவ்வொரு முறையும் அது ஒரே விடையைத் தருவதில்லை. வங்கிக் கணக்கை அதனிடம் ஒப்படைக்க நான் சொல்லவில்லை! ஆனால் பல ஊர்களை இணைக்கும் சிக்கலில் ஊர்கள் பெருகப் பெருக வழிகளின் எண்ணிக்கை மலைக்கவைக்கும். அங்கே கணிப்பொறியும் பெரும்பாலும் 'ஓரளவு நல்ல' விடையோடுதான் அமைதி கொள்கிறது.

1994இல் அமெரிக்காவின் லியோனார்ட் ஏடில்மன் 7 ஊர்களைக் கொண்ட ஒரு வழிச் சிக்கலைச் சோதனைக்குழாயில், டி.என்.ஏ. மூலக்கூறுகளைக் கொண்டே தீர்த்துக் காட்டினார். அவர் கணிப்பொறி அறிஞர். உயிரியல் ஆய்வுக்கூடத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ள அவர் கூச்சப்படவில்லை.

நம் கல்லூரியில் அவ்விரு துறைகளுக்கும் இடையே இருப்பது ஒரு தாழ்வாரந்தான். வரும் மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து மக்கிய கட்டைகளில் சளிப்பூஞ்சை ஏதேனும் ஒன்று தென்படக்கூடும். சேர்ந்து தேடக் கணிப்பொறித் துறை நண்பர்கள் வருவார்களா? பேராசிரியர்கள் இசைவு தந்தால் போதும். ஓட்ஸ் வாங்கும் செலவு என்னுடையது.