மூவரும் மூவரும்

எம் துறையின் இலக்கிய மன்றத்தில் ‘கொள்கையா, நடைமுறையா?’ என்று மாணவர்கள் வழக்காடியபோது, ஒரு சாரார் மறு சாராரை ‘விலைபோனவர்கள்’ என்றனர். அவர்களோ இவர்களைக் ‘கனவு காண்போர்’ என்றனர். கைதட்டல் மிகுதி. எனக்கோ 1922ஆம் ஆண்டு நினைவிற்கு வந்தது.

சௌரி சௌரா நிகழ்ச்சிக்குப்பின் அவ்வாண்டு பிப்ரவரியில் காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தின் வேகத்தை நிறுத்தினார். மார்ச்சில் சிறை புகுந்தார். இனிச் செய்வது யாது என ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழு, சட்டசபைப் பிரவேசம் பற்றிய வினாவில் சரிபாதியாகப் பிளந்தது. உள்ளே சென்று ஆட்சியை முடக்கலாம் என்றோர் ஹக்கீம் அஜ்மல்கான், மோதிலால் நேரு, விட்டல்பாய் படேல். கூடாது என்றோர் டாக்டர் அன்சாரி, ராஜாஜி, கஸ்தூரிரங்க ஐயங்கார். அஜ்மல்கானும் அன்சாரியும் தில்லியில் ஒன்றாய்ப் பொதுப்பணி ஆற்றிய மருத்துவர்கள். ஒருவர் யுனானி, மற்றவர் மேனாட்டு அறுவை மருத்துவம். அவர்களே எதிரெதிரே நின்றனர்!

டிசம்பரில் கயா மாநாட்டில் தலைவர் சித்தரஞ்சன் தாஸின் கருத்து ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கு வேறுபாட்டில் தோற்றது. அவர் தலைமையைத் துறந்து சுயராஜ்யக் கட்சி கண்டார். என் நெஞ்சம் அன்றைய பெரும்பான்மையினர் பக்கமே சாய்கிறது என்பதை மறைக்கவில்லை. சிறைக் கதவுகள் திறவாதபோது சட்டசபைக் கதவைத் தட்டுவது எப்படி? ஆயினும், மாற்றாரின் மனச்சான்றை வாக்கு எண்ணிக்கையால் கட்டிவிடலாம் என்று அவர்கள் எண்ணியது பிழையே.

அப்பிழையைத் திருத்தியவர், 1923 செப்டம்பரில் தில்லிச் சிறப்பு மாநாட்டிற்குத் தலைமை ஏற்ற மௌலானா அபுல்கலாம் ஆசாத். அவருக்கு அன்று 35 வயது நிரம்பவில்லை. சமய அடிப்படையிலோ மனச்சான்றின்படியோ மறுப்பு இல்லாதவர்கள் தேர்தலில் நிற்கலாம். மற்றவர்கள் அதற்கு எதிரான பிரசாரத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்பது தீர்மானம். ‘சமய அடிப்படை’ என்ற சொல் வெறும் அலங்காரம் அன்று. சட்டசபை உறுப்பினராதல் தகாது என உலமாக்கள் ஃபத்வா அளித்திருந்த காலம் அது. எவரும் தம் கருத்தை விடவில்லை. எவரும் வெளியேற்றப்படவும் இல்லை. நவம்பர்த் தேர்தலில் மத்திய சட்டசபையின் 101 தேர்தல் இடங்களுள் 42 சுயராஜ்யக் கட்சிக்குக் கிடைத்தன.

பட்டம் சூட்டுவோர் அடுத்து நடந்ததையும் காண வேண்டும். சட்டசபை வேண்டாம் என்ற ராஜாஜி 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்சாரியோ 1934இல் சுயராஜ்யக் கட்சியை மீண்டும் உயிர்ப்பிக்கும் முயற்சிக்குத் தாமே தலைமை ஏற்றார். இவர்களுள் யார் கொள்கையாளர், யார் நடைமுறையாளர்?

எதிரெதிரே நின்ற அவ்விரு மருத்துவர்களும் 1920இல் அலிகாரில் தோன்றிய ஜாமியா மில்லியாவைக் கைவிடவில்லை. 1925இல் அது தில்லிக்கு வந்தபோது முதல் வேந்தர் அஜ்மல்கான் அதனைத் தாங்கினார். 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரசுக்கு அன்சாரி தலைமை தாங்கிய அந்த நாள்களை ஒட்டியே அஜ்மல்கான் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற வேந்தர் பொறுப்பை ஏற்றவர் அன்சாரிதாம்.