பசுவும் ஆடும் ஒரே தரவையில்

மாரி ஓய்ந்து தை பிறக்கும் வேளையில் யாழ்ப்பாணத்துத் தரவைகள் பச்சை போர்த்து நிற்கும். பசுவும் வெள்ளாடும் செம்மறியும் அங்கே கலந்து மேயக் காணலாம். “மாட்டுக்கு உரிய புல்லை ஆடு தின்றுவிடுகிறதே!” என்று குறைபட்டுக்கொள்வாரும் உளர். நானும் ஒருகாலத்தில் அக்கட்சியினனே.

உண்மை வேறு. பசு நாவினாற் புல்லைச் சுற்றி இழுத்து அறுப்பது. ஆதலின் நீண்ட புல்லே அதற்கு வாய்ப்பு. செம்மறியோ உதடுகளாற் பற்றி நிலத்தையொட்டிக் கறிக்கும். வெள்ளாட்டுக்குப் புல்லினும் குழையிலேயே பிரியம். முன்கால் தூக்கி வேலிப் பூவரசை எட்டிப் பிடிக்கும். (அதனால் அயலவரோடு மூளும் வழக்குகள் தனிக்கதை.) தன் சாணத்தைச் சூழ வளர்ந்த புல்லைப் பசு ஒதுக்கிவிடும், ஆடு அதனையும் மேயும்.

குடற்புழுக்களின் கதை இன்னும் சுவையானது. சாணத்திலும் பிழுக்கையிலும் வெளிவரும் முட்டைகள் குடம்பிகளாகிப் புல்லில் ஏறிக் காத்திருக்கும். ஆட்டின் புழுக்களிற் பெரும்பாலானவை மாட்டின் வயிற்றில் நிலைப்பதில்லை. மாட்டினவும் ஆட்டில் அவ்வாறே. ஆகவே ஒன்றின் பகையை மற்றொன்று மேய்ந்து அழிக்கிறது. ஆனால் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் புழுக்கள் பொது என்பதை மறத்தலாகாது. நீர் தேங்கும் தாழ்நிலங்களில் நத்தை வழியாகப் பரவும் ஈரற் தட்டைப்புழுவோ மூன்றையும் பற்றும்.

இவ்வளவும் படித்தறிந்த நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிழை செய்தேன். புல் பொதுவானபோது தொட்டியும் பொதுவாகலாம் என எண்ணிப் பசுவுக்கு வாங்கிய கனியுப்புக் கலவையைச் செம்மறியும் நக்க விட்டேன். அக்கலவையிற் செம்பு உண்டு. பசுவுக்கு வேண்டிய அளவு செம்மறிக்கு நஞ்சு. அது மெல்ல மெல்ல ஈரலிற் சேரும், வெளியே ஒரு குறியும் தோன்றாது. மாதங்கள் சென்றபின் ஒருநாட் காலை மறியாட்டின் கண்கள் மஞ்சளித்திருந்தன. சிறுநீர் கருஞ்சிவப்பாய் இழிந்தது. மிருக வைத்தியர் ஆட்டைப் பார்க்குமுன் தொட்டியையே பார்த்தார். மறுநாள் அது இறந்தது. என் மகள் உண்டியற் காசு சேர்த்து வாங்கிய ஆடு அது.

இப்பொழுதும் எங்கள் மாடும் ஆடும் ஒன்றாகவே மேய்கின்றன. கனியுப்புத் தொட்டி மட்டும் மாட்டுக்கொட்டிலுக்குள் இருக்கிறது. மாலையில் அதன் படலையைக் கட்டுவது மகளின் பொறுப்பு. “நான் கட்டிவிட்டேன், பிள்ளை” என்று சொன்னாலும், அவள் ஒருமுறை சென்று பார்த்தே வருவாள்.