ஒப்புக்கு ஒரு கையெழுத்து

லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல்லிலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைத் தேசமெங்கும் அனுப்பும் திருச்செங்கோட்டிலும், தறிச் சத்தம் ஓயாத பள்ளிபாளையத்திலும், மண்டி வியாபாரம் பெருத்த சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையிலும், கைமுதல் இல்லாதவர் பலர் கடனையே மூலதனமாக்கித் தலையெடுத்திருக்கிறார்கள் என்பது அந்தச் சமவெளியின் பெருமைகளுள் ஒன்று. ஆனால், 'சும்மா ஒப்புக்குத்தானுங்க மாமா, ஒரு கையெழுத்துப் போடுங்க' என்று பைனான்ஸ் ஆபீசில் கேட்ட மாத்திரத்தில், தொகை எழுதாத செக்கிலும், பூர்த்தி செய்யாத புரோநோட்டிலும், ஜாமீன் பத்திரத்திலும் ஒப்பமிட்டுவிட்டு, எழுத்தே இல்லாத தாள் தம்மை என்ன செய்துவிடும் என்று நிம்மதியாக வீடு திரும்புகிற அபாரமான நம்பிக்கையும் அந்தப் பெருமையோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்திருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கென்று ஒரு சட்ட சாஸ்திரமும் டீக்கடைப் பெஞ்சுகளில் தயாராகியிருக்கிறது. கையெழுத்து ஒரு மையிலும் தொகை வேறொரு மையிலும் இருந்தால் செக் செல்லாதாம். பணம் கொடுக்கவேண்டாம் என்று வங்கிக்கு எழுதிவிட்டால் வழக்கு வராதாம். கணக்கையே மூடிவிட்டால் கவலையே இல்லையாம். இந்த வியாக்கியானங்களை நம்பிக் கோர்ட்டு வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்துப் பரிதாபப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138-ஆம் பிரிவு சேர்ந்து, 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபின், திரும்பிய செக்குக்காக நோட்டீஸ் கிடைத்துப் பதினைந்து நாளுக்குள் பணம் கட்டாதவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும், செக் தொகையைப் போல இருமடங்கு வரை அபராதமும் இன்று விதிக்கலாம். பணத்தை நிறுத்தச் சொன்னாலும் இந்தப் பிரிவு பாயும் என்று 1998-லும், கணக்கை மூடினாலும் பாயும் என்று 1999-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தாயிற்று. மை விவகாரமும் அப்படியே. ஒருவர் மனமொப்பிக் கையெழுத்திட்டு, கொடுக்கவேண்டிய பணத்துக்காகக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பினார் என்பதனாலேயே அது செல்லாததாகிவிடாது என்று 2019-இல் பீர் சிங் வழக்கில் முடிவாயிற்று. அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின், நமக்குப் பக்கத்திலுள்ள திருப்பூரில் துணி வியாபாரத்தில் முளைத்த கலாமணி டெக்ஸ் வழக்கில், 11.20 லட்ச ரூபாய்ச் செக்கைக் குறித்து, வெற்றுச் செக்கிலும் தாள்களிலும்தான் கையெழுத்திட்டோம் என்று பிரதிவாதிகள் சொன்ன சமாதானமும் எடுபடவில்லை.

கையெழுத்தை ஒப்புக்கொண்டால், கடன் இருந்தது என்று சட்டம் அனுமானிக்கிறது. அந்த அனுமானத்தை உடைக்கக் கையெழுத்திட்டவருக்கு உரிமை உண்டு என்பதையும், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டியதில்லை, நம்பத்தகுந்த விதத்தில் காட்டினால் போதும் என்பதையும் 2010-இல் ரங்கப்பா வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். இது பெரிய சலுகைதான். ஆனால் எதை வைத்துக் காட்டுவது? ரசீது வாங்காமல், தொகை குறிக்காமல், எதற்காகக் கொடுத்தோம் என்று ஒரு வரிகூட எழுதி வாங்காமல் தாளைக் கொடுத்தவர், தமக்கு உதவக்கூடிய சாட்சியத்தைத் தாமே முன்கூட்டி அழித்தவரல்லவா? கந்துவட்டியைத் தண்டிக்க 2003-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தும், வட்டி விகிதம் எந்தத் தாளிலும் ஏறாத இடத்தில் அதை நிரூபிப்பது பிரம்மப் பிரயத்தனமாகவே இருக்கிறது.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றிய பிரமை இதைவிடக் கொடியது. 'வண்டி இருக்கிறது, வாங்கினவன் இருக்கிறான், அவர்களை விட்டுவிட்டு என்னையா கேட்கப்போகிறார்கள்?' என்று பங்காளிக்கும் மைத்துனனுக்கும் கையெழுத்திடுகிறவர் நினைக்கிறார். ஆம், அவரைத்தான் கேட்பார்கள். வேண்டுமானால் முதலிலேயே கேட்பார்கள். பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்கிறது 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு. கடனாளியிடம் வசூலிக்க எல்லா வழிகளையும் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற வாதத்தை, பாங்க் ஆப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968-லேயே நிராகரித்துவிட்டது. பிடித்த லாரி ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனபின் நிற்கும் பாக்கி, அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறாத மாமனின் தோட்டத்தைத் தேடிக்கொண்டு வருவது இதனால்தான். கட்டிய பணத்தைக் கடனாளியிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையைச் சட்டம் ஜாமீன்தாரருக்குத் தந்திருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் கொடுக்கக்கூடிய நிலையில் அவன் இருந்திருந்தால் விவகாரம் இவர் வரையில் வந்தேயிராது.

வீட்டுப் பெண்களின் பேரில் கணக்கு வைத்து, அடுக்களையிலிருந்து அவர்களை அழைத்துச் செக் புஸ்தகம் முழுவதிலும் கையெழுத்து வாங்கி வைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். கூட்டுக் கணக்கில் பேர் இருந்தும் செக்கில் கையெழுத்திடாதவர்மேல் 138-ஆம் பிரிவில் வழக்குத் தொடர முடியாது என்று 2013-இல் தீர்ப்பாயிருக்கிறது. அதே நியாயப்படி, வியாபாரம் இன்னதென்றே அறியாத மனைவி கையெழுத்திட்டால் நோட்டீஸ் அவள் பேருக்கு வருகிறது. சம்பாதித்தவரும் செலவழித்தவரும் வேறொருவராக இருந்தபோதிலும்.

'இப்படியெல்லாம் கணக்குப் பார்த்தால் எவன் கடன் கொடுப்பான், உறவுதான் என்னாவது?' என்று கேட்பார்கள். கடன் வாங்கவேண்டாம் என்றோ ஜாமீன் நிற்கவேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. ஜாமீன் இன்ன தொகைக்கு மட்டும் என்று பத்திரத்தில் எழுதச் சொல்லலாம். செக்கில் பேரையும் தேதியையும் தொகையையும் தம் கையாலேயே எழுதலாம். கொடுத்த செக்கின் நம்பரைக் குறிப்பிட்டு, இன்ன கடனுக்கு ஈடாகப் பெற்றேன் என்று ஒரு ரசீது கேட்கலாம். யோக்கியமாகக் கடன் கொடுக்கிறவருக்கு இந்த ரசீதினால் ஒரு நஷ்டமும் இல்லை. 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று அவர் முகம் சுளித்தால், கொடுத்த பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கை தமக்கு இருக்கையில் வெற்றுச் செக் எதற்கென்று அவர்தாம் விளக்கம் சொல்லவேண்டும்.