காப்பு வந்தது, மொழி வரவில்லை

ஒரு பிள்ளைக்கு அதன் முன்னோர் விட்டுச்செல்லும் செல்வங்களுள் தலையாயது எது? மண்ணா? அணியா? மொழியா? அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று இக்கேள்விக்கு 'அணி' என்று விடை சொல்லியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டு சூன் 8 முதல் சூலை 13 வரை, ஆறு பகுதிகளாக, டிசுனி நிறுவனம் இணையவழி வெளியிட்ட 'மிசு மார்வல்' என்பதே அத்தொடர். குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்கது என்று பலரும் புகழ்ந்த தொடர் அது. அதனாலேயே அதனை உற்று நோக்கவேண்டியுள்ளது.

கமலா கான் என்னும் பதினாறு அகவைப் பெண் நியூசெர்சி மாநிலத்துச் செர்சி நகரில் வாழ்கின்றாள். பெற்றோர் பாக்கித்தானினின்று குடியேறியவர்கள். கராச்சியிலுள்ள பாட்டி சனா அஞ்சலில் அனுப்பிய பழம்பொருட் பொதியுள் ஒரு காப்புக் கிடக்கின்றது. தாய் முனீபா அதனைக் குப்பையென்று ஒதுக்குகின்றாள். மகளோ ஓர் ஒப்பனை விழாவுக்காக எடுத்துக் கையில் மாட்டுகின்றாள். உடனே அவள் கையினின்று ஒளி பிறக்கின்றது. அவ்வொளி பலகைபோல் இறுகி, அவள் மிதித்து நடக்கும் படிகளாகின்றது. அவ்வாற்றலைப் பெற்றோர் அறியாமல் மறைத்துக்கொண்டே பள்ளிக்கும் பள்ளிவாசலுக்கும் போய்வருகின்றாள். காப்பு, அவள் பூட்டி ஆயிசாவினுடையது. 1947இல் நாடு பிளவுண்டபோது, கராச்சிக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஏற முந்திய கூட்டத்தில் தொலையவிருந்த குழந்தை சனாவைத் தந்தையிடம் சேர்ப்பித்ததும் அக்காப்பின் ஆற்றலே எனக் கதை முடிச்சவிழ்கின்றது.

நல்லதை நல்லதென்றே சொல்லவேண்டும். இசுலாமியரைக் கொடியவராகவே காட்டிப் பழகிய அமெரிக்கத் திரையில், ஓர் இசுலாமியக் குடும்பத்தின் தொழுகையையும் திருமணத்தையும் பெருநாளையும் எள்ளலின்றிக் காட்டிய துணிவு பாராட்டத்தக்கதே. குறை அதுவன்று.

2014இல் தனி இதழாகத் தொடங்கிய மூலப் படக்கதையில் கமலாவின் ஆற்றல் ஊரை மூடிய ஒரு புகைப்பனியால் வந்தது. தொடரை ஆக்கியோர் அப்பனியை நீக்கிவிட்டுக் காப்பை வைத்தனர். ஆற்றல் முன்னோரிடமிருந்து வழிவழியாக வரவேண்டும் என்று அவர்களே விரும்பிச் செய்த மாற்றம் இது. விருப்பம் சிறந்தது. ஆனால், வழிவழி வருவது யாது என்று தேடியவர்களின் கண்ணுக்கு ஒரு மாழை வளையந்தான் தென்பட்டது! (காப்பு என்னும் சொல்லுக்குக் கையணி என்பதோடு காவல் என்றும், நூல்முகத்து வாழ்த்து என்றும் தமிழில் பொருளுண்டு; பிள்ளைத்தமிழின் முதற் பருவமே காப்புப் பருவந்தான். பிள்ளைக்குக் காவலாக முதலில் கட்டப்படுவது அணியன்று, பாட்டு என்பது தமிழ்ப் புலவர் கண்ட முறை.)

அக்குடும்பத்தின் வீட்டுமொழி யாது? ஆங்கிலம். தாயும் தந்தையும் தம்முள் பேசுவதும் பெரும்பாலும் ஆங்கிலமே. இடையிடையே 'பேட்டா' என்றும், 'அம்மி' என்றும், 'சலோ' என்றும் உருதுச் சொற்கள் தூவப்படுகின்றன. கறிவேப்பிலை மணத்துக்கு வேண்டும், உண்ணும்போது விலக்கப்படும். அந்நிலைதான் அங்கு உருதுவுக்கு. இதனினும் வியப்பு, ஐந்தாம் பகுதியில் உள்ளது. வெள்ளையன் ஆட்சியிலிருந்த 1942இன் சிற்றூர்ப்புறத்தில் காதல் கொள்ளும் ஆயிசாவும் அசனுங்கூடத் தம் நெஞ்சைத் திறந்து பேசுவது மிகுதியும் வெள்ளையன் மொழியிலேயே!

'அமெரிக்கருக்கு எடுத்த தொடர். வேற்றுமொழியில் பேசினால் யார் பார்ப்பார்?' என்று கேட்பார் உளர். அத்தொடருக்கு மூன்று திங்கள் முன்னதாக, 2022 மார்ச்சில், அமெரிக்க நிறுவனமான ஆப்பிள் வெளியிட்ட 'பச்சிங்கோ' தொடரை அவர்கள் பார்க்கட்டும். அதுவும் ஒரு குடும்பம் நாடுவிட்டு நாடு பெயர்ந்த கதையே. கொரியர் கொரிய மொழியிலும், சப்பானியர் சப்பானிய மொழியிலும் பேசுகின்றனர். திரையடியில் தோன்றும் மொழிபெயர்ப்பில் கொரியப் பேச்சு மஞ்சள் நிறத்திலும் சப்பானியப் பேச்சு நீல நிறத்திலும் எழுதப்பட்டது. பாட்டியின் நாவில் மஞ்சளாக இருந்தது, பெயரனின் நாவில் நீலமாக மாறுவதைப் பார்ப்பவர் கண்ணாலேயே அறிகின்றார். மொழி இழப்பைத் திரையில் இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த 'இசுகுவிடு கேம்' பெரும்பாலும் கொரிய மொழியிலானது, உலகமே பார்த்தது. ஆகவே முடியாமையன்று, மனமின்மையே குறை.

இத்தொடரின் குற்றத்தை இத்தொடரே ஓரிடத்தில் மெய்ப்பித்து விடுகின்றது. இறுதிப் பகுதியில் தந்தை யூசுபு மகளுக்கு அவள் பெயரின் பொருளை விளக்குகின்றார். 'கமலா' என்றதும் தமிழர்க்குத் தாமரை நினைவு வரும். அதுவன்று இது. 'கமால்' என்னும் அரபுச் சொல்லின் வழியது. அரபியில் நிறைவு என்றும், உருதுவில் வியப்பு என்றும் பொருள்படுவது. வியப்பு என்பதற்கு ஆங்கிலச் சொல்லே 'மார்வல்'. அவ்வளவில் அப்பெண்ணுக்குத் தன் வல்லமைப் பெயர் கிடைத்துவிடுகின்றது. தொடரின் தலைப்பும் அதுவே! ஒளியைத் தந்தது காப்பு. 'நீ யார்' என்னும் விடையைத் தந்ததோ ஒரு சொல். அச்சொல் பிறந்த நாள்தொட்டு அவளிடமே இருந்தது. அதன் பொருளைப் பதினாறாண்டு அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னபோதும் ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். கதையின் கருவாக வைத்திருக்கவேண்டியதைக் கடைசியில் ஓர் இனிய உரையாடலாக்கிக் கடந்து போயினர்.

வல்லமையை மறைத்து வாழும் பிள்ளை என்பது வெறுங் கற்பனையன்று. வீட்டில் தாய்மொழி பேசிவிட்டுப் பள்ளி வாயிலில் அதனை விழுங்கிக்கொள்ளும் பிள்ளை ஒவ்வொரு குடியேற்ற நாட்டிலும் உண்டு. உடன் பயில்வார் நகைப்பரே என்று தாய் கொடுத்த பெயரையும் சுருக்கிக்கொள்ளும். அப்பிள்ளை மறைப்பதும் ஓர் ஆற்றலே. கமலா தன் ஆற்றலை வெளிப்படுத்த ஊரே கைதட்டுகின்றது; இப்பிள்ளைக்குக் கைதட்டுவார் இல்லை. மொழியறிஞர் யோசுவா பிசுமன் 1966இல் அமெரிக்கக் குடியேறிகளின் மொழிப்பற்றைப் பற்றி விரிந்த ஆய்வு வெளியிட்டார். முதல் தலைமுறை பேசும், இரண்டாம் தலைமுறை இரண்டும் கலக்கும், மூன்றாம் தலைமுறை ஆங்கிலமே அறியும் என்பது அத்துறையறிஞர் பலரும் கண்ட போக்கு.

உருதுவுக்காகத் தமிழர் ஏன் வருந்தவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். 1948 மார்ச்சில் தாக்காவுக்குச் சென்று உருது ஒன்றே ஆட்சிமொழி என்று சின்னா முழங்கியதையும், 1952 பிப்பிரவரி 21இல் வங்கமொழிக்காக மாணவர் சுடப்பட்டு மாண்டதையும், அம்மொழிப்போர் வளர்ந்து 1971இல் வங்காள நாடு பிறந்ததையும் மறந்தார் அல்லர் தமிழர். 1939இல் சிறைப்பட்டு மாண்ட நடராசனையும் தாளமுத்துவையும் அறிந்தவர்க்கு அதனை விளக்கவும் வேண்டா. பிறர் மேல் ஏவப்படும் உருது வேறு. தாயின் மடியிலிருக்கும் உருது வேறு. முன்னதை எதிர்த்தவர்க்கே பின்னதன் அருமை தெரியும்.

மேலும், காப்பு மட்டும் கைம்மாறி மொழி மாறாது போன வரலாறு தமிழர்க்கே உண்டு. 1860 நவம்பர் 16இல் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிச்சென்று தென்னாப்பிரிக்காவின் தருபன் துறையில் இறக்கியது. அவ்வாறு சென்ற தமிழரின் வழியினர் இன்றும் காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர், தாலி கட்டுகின்றனர். பிள்ளை, கவுண்டர், முதலி என்னும் பட்டங்கள் ஆங்கில ஒலிப்பில் திரிந்து குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. பேச்சோ பெரும்பாலார்க்கு ஆங்கிலம். கரும்புத் தோட்டத்தில் முதுகொடிந்தவர்களைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. அவர்களுக்குப் பள்ளியும் இல்லை, பொழுதும் இல்லை. இன்று கனடாவில் வாழ்வோர்க்கு இவ்விரண்டும் உண்டு. கமலாவாக நடித்த இமான் வெல்லானி கராச்சியில் பிறந்து வளர்ந்தது அந்நாட்டின் மார்க்கம் நகரில். ஈழத்தமிழர் பெருந்தொகையினராக வாழும் ஊர் அது. வன்னியின் பெயரால் அங்கொரு தெருவும் உண்டு. அத்தெருப் பலகையைத் தமிழில் ஒலிக்கத் தெரிந்த பிள்ளைகள் இன்னும் இருக்கின்றனர். அவர்களும் இத்தொடரைப் பார்த்திருப்பர், வளையல் கேட்டிருப்பர்.

2023 நவம்பரில் அதே கமலாவை வைத்து 'தி மார்வல்சு' என்னும் திரைப்படம் வந்தது. காப்பு ஒன்றன்று, இரண்டு என்று அதில் தெரியவருகின்றது. இறுதியில் இரண்டாவது காப்பும் அவள் கைக்கு வந்துசேர்ந்தது. வீட்டுமொழி மட்டும் பழையபடி ஆங்கிலம்.