விரிவுரைக்கு முன் ஒரு வாரம்

பாலர் வகுப்பில் அகரம் எழுதுவிக்கும் ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயின்றோருக்குப் பாடக்குறிப்பு எழுதாமல் வகுப்பறை வாயிலை மிதிக்கலாகாது என்பது முதற் பாடம். பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. சென்ற ஆண்டு மாணவராய் வாங்கில் அமர்ந்திருந்தவர், முதல் வகுப்பிற் சித்தியெய்திய தகுதியால், இவ்வாண்டு தற்காலிக உதவி விரிவுரையாளராய் மேடையில் நிற்கிறார். இடையில் அவர் கற்பிக்கக் கற்றது எங்கே? புதிய அரையாண்டு தொடங்குமுன் இவ்வினாவை எழுப்புதல் தகும் எனப் பள்ளி ஆசிரியனாய்த் தொழில் புரிந்த யான் எண்ணுகிறேன்.

ஏற்பாடு எதுவும் இல்லை என்பது என் வாதமன்று. கொழும்புப் பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டிலேயே விரிவுரையாளரின் திறன் வளர்ப்புக்கென ஒரு நிலையம் கண்டது. யாழ்ப்பாணம் உட்படப் பிற பல்கலைக்கழகங்களிலும் அத்தகைய நிலையங்கள் உள. தகுதிகாண் காலத்து விரிவுரையாளர் தம் நியமனம் உறுதியாவதற்குப் பயிற்சிநெறி ஒன்றை முடித்தாக வேண்டும். நன்று. ஆயினும் அப்பயிற்சி பெரும்பாலும் கற்பித்தல் தொடங்கிய பின்னரே வருகிறது. தற்காலிகமாய் வந்தோர் பலர் அதன் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். தோணி நடுக்கடலை அடைந்தபின் துடுப்புப் பிடிக்கப் பழக்குவது போன்றது இது.

“அறிஞர்க்குப் பயிற்சி எதற்கு?” எனச் சிலர் வினவுவர். இதற்கு விடை 13ஆம் நூற்றாண்டிலேயே கூறப்பட்டுவிட்டது. நன்னூற் பாயிரத்திற் பவணந்தி முனிவர், ஆசிரியனுக்கு வேண்டிய கல்வியைச் சொன்னதோடு அமையவில்லை. கற்பிக்கும் முறையை வேறாக வகுத்துரைத்தார். இடமும் காலமும் நோக்கல், சொல்லும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்தல், விரையாமை, வெகுளாமை, கேட்போன் கொள்ளுமாறு அறிந்து கொடுத்தல் ஆகிய இவற்றுட் பல மேடை ஏறுமுன் செய்யவேண்டிய ஆயத்தமன்றி வேறென்ன? ஆசிரியராகத் தகாதோர்க்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று மடற்பனை. எங்கள் சரவணையில் அதற்கு உரை வேண்டுவதில்லை. கருக்குமட்டை கழிக்கப்படாத பனையில் ஏறுவார் யார்? பழம் தானாக விழும்போது பொறுக்கிக்கொள்வதே வழி. உச்சியிற் குலைகுலையாய்க் கனி இருந்தென்ன பயன்?

யாழ்ப்பாணத்து நிலையை எண்ணுங்கள். 1974ஆம் ஆண்டு திருநெல்வேலியில், பரமேசுவராக் கல்லூரி வளவில், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராய்க் கொண்டு தொடங்கிய வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. சரவணையிலிருந்து காலைப் பேருந்தில் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியே ஒரு மாணவி அங்கு செல்கிறாள் என்க. உயர்தர வகுப்பு வரை அவள் யாவற்றையும் தமிழிற் கற்றவள். வகையீடும் தொகையீடும் உந்தமும் அமுக்கமும் அவளுக்குக் கைவந்தவை. விஞ்ஞான பீடத்திலோ விரிவுரை ஆங்கிலத்தில் நிகழ்கிறது. நேற்றுவரை விரல் நுனியில் இருந்த தொகையீடு, ‘இன்ரகிரேஷன்’ என்ற ஒலியாய் வருகையில் அவள் திகைக்கிறாள். அவள் அறிவிற் குறைந்தவள் அல்லள். பொருள் அதுவே, பெயர்தான் மாறிற்று. இதனை முன்கூட்டி உணர்ந்த விரிவுரையாளர் நூறு கலைச்சொற்களை இருமொழியிலும் எழுதி முதல் நாளே கையிற் கொடுப்பார். உணராதவர், இக்காலத்து மாணவர்க்கு அடிப்படையே இல்லையென நொந்துகொள்வார்.

எங்கள் தீவின் கரம்பொனில் 1913ஆம் ஆண்டு பிறந்த தனிநாயகம் அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கல்வித்துறை விரிவுரையாளராய் விளங்கியவர். பண்டைத் தமிழிலக்கியத்திற் காணும் கல்விச் சிந்தனைகளையே இலண்டனிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ந்தவர். கற்பித்தல் என்பது கற்றவர்க்குத் தானே வந்தமையும் வரமன்று, ஆராய்ந்து பயிலவேண்டிய கலை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பள்ளி ஆசிரியர்க்குக் கல்வி டிப்ளோமா வழங்கும் பல்கலைக்கழகங்கள், அக்கலையைத் தம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிந்தி வழங்குவது முரணன்றோ?

ஆதலின் யான் வேண்டுவது பெரிதன்று. ஒவ்வோர் அரையாண்டுக்கும் முன் ஒரு வாரம் ஒதுக்கப்படுக. அவ்வாரத்திற் புதியவர், வரவிருக்கும் மாணவர் எம்மொழியில் எவற்றைக் கற்று வந்தனர் என அறியட்டும். சென்ற முறை விடைத்தாள்களிற் பலர் இடறிய இடங்களைப் பார்க்கட்டும். 15 வாரத்துப் பாடத்தையும் பகுத்து எழுதட்டும். மூத்தவர் ஒருவர் முன்னிலையில் ஒரு விரிவுரையேனும் நிகழ்த்திக் காட்டட்டும்.

காலம் எங்கே என்பர். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றும் 2024ஆம் ஆண்டுக் கல்விசாரா ஊழியரின் வேலைநிறுத்தமும் கால அட்டவணையைக் குலைத்தமை உண்மை. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் கடல் கடந்தமையும் உண்மை. ஆனால் மூத்தோர் விட்டுச்சென்ற இடத்தில் இளையோர் நிற்கும் காலமன்றோ ஆயத்தம் மிக வேண்டிய காலம்? ஒரு வாரத்தை மிச்சப்படுத்தி 15 வாரத்தை வீணாக்குதல் சிக்கனமாகாது.

எங்கள் தீவின் வயல்கள் மழையை நம்பியவை. மழைக்கு முன் உழுது வையாதவன், விளைவு பொய்த்தபின் வானத்தைக் குறைகூற உரிமையற்றவன். ஆயத்தமின்றி மேடை ஏறுவோர்க்கும் மாணவரைக் குறைகூற உரிமை இல்லை.